டிப்போ வாசலுக்குப் போன பொக்கைவாய்

பல்செட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், வாய் மறக்காது. தெருவில் எதிரே வந்து ஒருவர் நலம் விசாரித்தால், யாரோ எவரோ என்று திருதிருவென முழிப்பார். அதே ஆள் வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும், "அட, நீங்களா! மேல் வரிசையில ஒரு பல்லு சாஞ்சிருக்குமே!" என்று நடுத்தெருவில் கையைப் பிடித்துக் குலுக்குவார். எதிராளிக்கு மானம் போகும். இவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் திருந்துகிற ஜென்மம் இல்லை.

வேலை அப்படி. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பல்லாக நட்டு, ரோஜா நிற அக்ரிலிக்கில் வேகவைத்துத் தேய்த்துப் பளபளவென்று டப்பாவில் போட்டுக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோர மேசையில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

மனைவி பஸ் கண்டக்டர். தெருவுக்கே அவர் கண்டக்டரம்மாதான். கறாரான பேர்வழி. சொந்தத் தம்பி ஏறினாலும் டிக்கெட் வாங்காமல் இறங்கவிட்டதில்லை. சொன்ன வார்த்தையை மாற்றியதும் இல்லை, அடுத்தவர் மாற்ற விட்டதும் இல்லை. அந்தக் குணம்தான் இந்தக் கதையில் பல்செட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது.

கார் வந்தது இப்படி. வயதான பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடினார். பின்புறக் கொட்டகையில் அவருடைய அப்பா ஓட்டிய கார் ஒன்று காற்றில்லாத டயரோடு குந்திக்கொண்டிருந்தது. "காசெல்லாம் வேணாம்யா. இடம் காலியானாப் போதும், எடுத்துட்டுப் போ" என்றார் டாக்டர். பாக்கி இருந்த பல்செட் டப்பாக்களை வாங்கப் போன மனுஷன், லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். முன்பக்கக் கம்பிகளில் பாதி விழுந்து, மீதியும் ஆடிக்கொண்டிருந்ததால், தெருவில் யாரோ அன்றைக்கே அதற்குப் பொக்கைவாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். பல்செட்டுக்காரர் வீட்டுக்குப் பல்லில்லாத கார் வந்ததில் தெருவுக்கு ஒரு வாரம் சிரிப்பு.

அவருக்கு அது சிரிப்பாக இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். அது இத்தனை வருஷத் துருவிலும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது தன் கல்யாண நாளில்கூட வராத ஒரு சந்தோஷம் வந்தது என்று பிறகு மச்சினனிடம் சொல்லி, அது அக்கா காதுக்குப் போய், அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மச்சினன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்பேனர் பையோடு வந்துவிடுவார். இரண்டு பேரும் பிரித்தார்கள். பிரிப்பதில் உள்ள சுகம் இருக்கிறதே, அது மாட்டுவதில் கிடையாது. கழற்றிய சாமான்கள் வீடெல்லாம் பரவின. சமையலறைத் தொட்டிக்கு அடியில் கியர்பாக்ஸ். படுக்கையறையில் சீட்டு ஸ்பிரிங். துணிக்கொடியில் ஈரத்துணிக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய்கள். கண்டக்டரம்மா ஒருநாள் தலைவலி மாத்திரை தேடி அலமாரியைத் திறந்தால் ஸ்பார்க் பிளக் உருண்டு வந்து காலில் விழுந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கைவேலையில் ஆளைக் குறை சொல்ல முடியாது. கடையில் கிடைக்காத சாமானையெல்லாம் பல்செட் செய்கிற மாதிரியே செய்தார். உடைந்த கதவுக் கைப்பிடிக்கு, உடையாத கைப்பிடியில் அச்செடுத்து, மெழுகில் வார்த்து, வார்ப்படக்காரரிடம் பித்தளையில் ஊற்றி வாங்கினார். விழுந்த முன்கம்பிகளை ஒவ்வொன்றாகச் செய்து, முன்பல் கட்டுவதுபோல இடைவெளி பார்த்து நட்டார். கியர் கம்பியின் தலையில் இருந்த குமிழ் காணாமல் போயிருந்தது. அதை அக்ரிலிக்கில் செய்தார். கைவசம் இருந்தது ஈறு நிறம்தான். அதனால் அந்தக் கம்பீரமான கறுப்புக் காரில் ரோஜா நிறக் குமிழ் ஒன்று ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

"அதைத் தொடவே ஒரு மாதிரி இருக்கு மாமா" என்பார் மச்சினன்.

"பழகிடும் மாப்ள. பல்செட்டும் மொதல்ல ஒரு மாதிரிதான் இருக்கும்."

இந்தக் கூத்துக்கெல்லாம் கண்டக்டரம்மா தடை சொன்னதில்லை. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றுவிடுவார். எஞ்சின் முதன்முதலில் புகை கக்கி உறுமிய அன்று, சீட்டுகூட இல்லாத காரில் முக்காலி ஒன்றை வைத்து, "வாம்மா, ஒரு நிமிஷம் உக்காந்து பாரு" என்று கெஞ்சினார் பல்செட்டுக்காரர்.

"நாள் பூரா ஓடுற வண்டியில நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா ஆடாத நாற்காலி ஒண்ணு போதும் எனக்கு. ஆள விடுங்க" என்று காலை நீட்டிக்கொண்டார்.

கோபமில்லை, அலுப்புத்தான். கோபம் வேறொரு நாள் வந்தது. மறுநாள் காலைக்கென்று தோய்த்துத் தேய்த்து அந்த ஆடாத நாற்காலியில் மடித்து வைத்திருந்த சீருடையின்மேல், இவர் கிரீஸ் பூசிய பேரிங்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்னொரு சீருடை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. முதுகில் கறுப்பு வட்டத்தோடு போன கண்டக்டரம்மாவை டிப்போ மேனேஜர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டுவிட்டார். சர்வீஸிலேயே முதல் தடவையாக வாங்கிய திட்டு. வீட்டுக்கு வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்த வருஷக் கடைசியில எனக்கு ரிட்டயர்மென்ட். அன்னைக்கு இந்த வண்டி டிப்போவுக்கு வரணும். நான் கேட்டைத் தாண்டி வெளிய காலை வைக்கிறதுக்குள்ள வந்து நிக்கணும். என்னை ஏத்திக்கிட்டு வீட்டுல வந்து விடணும். தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. தானா ஓடணும். ஓடுச்சுன்னா உங்க வண்டி உங்களோட. ஓடலையா, மறுநாள் காலையில அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. யாருக்காவது குடுங்க, இல்ல எடைக்குப் போடுங்க. சரியா?"

"சரி" என்றார் பல்செட்டுக்காரர். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் வேறென்ன சொல்வார்? சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. இது சும்மா வாய்ச்சண்டை இல்லை, இந்தம்மா சொன்னால் சொன்னதுதான். அந்த வருஷம் முழுக்க மனுஷன் சரியாகத் தூங்கவில்லை. பற்களைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காருக்கு அடியில் போய்விடுவார். ஒரு மூதாட்டிக்குப் போகவேண்டிய செட்டும் ஒரு ஓட்டல் முதலாளிக்குப் போகவேண்டிய செட்டும் டப்பா மாறிப்போய், இரண்டு பேரும் வாயை மூட முடியாமல் வந்து நின்றது அந்தச் சமயத்தில்தான்.

ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. காலையில் கண்டக்டரம்மா வழக்கம்போலக் கிளம்பிப் போனார். போகும்போது முற்றத்தில் நின்ற காரை ஒரு பார்வை பார்த்தார். சக்கரங்கள் அப்போதுதான் பெயின்ட் கடையிலிருந்து வந்திருந்தன. அது வரைக்கும் வண்டி கட்டைமேல்தான் நின்றது. எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தார்கள், பின்சக்கரங்களைச் சுற்றவைக்கிற பின்னச்சைப் போன வாரம்தான் மாட்டினார்கள், சக்கரத்தோடு ஓட்டிப் பார்க்கவில்லை. முன்சீட்டில் டிரைவர் இடம் மட்டும் தயார். பின்சீட்டு பிரமாதமாகத் தைத்து வந்திருந்தது. பின் ஜன்னலுக்குக் கண்ணாடி வரவில்லை. அதனால் என்ன, காற்று வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மச்சினன் முன்னால் நின்று இரண்டு கையையும் அசைத்தார். "வாங்க மாமா, வாங்க!"

பல்செட்டுக்காரர் ரோஜாக் குமிழைப் பிடித்து முதல் கியரில் தள்ளிக் கிளட்சை மெல்ல விட்டார். பொக்கைவாய் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, கம்பீரமாகக் கிளம்பி, பின்னால் போய்த் துணிதுவைக்கிற கல்லில் இடித்து நின்றது.

"ரிவர்ஸ்ல போட்டுட்டீங்க மாமா."

"இல்லடா. இது ஃபர்ஸ்ட்டு."

மச்சினன் வந்து எட்டிப் பார்த்தார். முதல் கியர்தான். கல்லிலிருந்து விடுவிக்க, வேறு வழியில்லாமல் ரிவர்ஸில் போட்டார். வண்டி சமர்த்தாக முன்னால் வந்தது. இரண்டாவது கியரில் போட்டார், பின்னால் போயிற்று, இன்னும் வேகமாக. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. பின்னால் போக மூன்று கியரும் முன்னால் போக ஒரே ஒரு கியரும் உள்ள காரை, உலகத்தில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்து முடித்திருந்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? பின்னச்சுக் கூடு இரண்டு பாதியாக வரும், வலதுபாதி, இடதுபாதி. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாற்றி மாட்டினாலும் அழகாகப் பொருந்தும். ஆனால் உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரம் பக்கம் மாறிவிடுவதால், சக்கரம் நேர்எதிராகச் சுற்றும். இது தெரிந்துதான், பிரித்த அன்றைக்கே ஒரு பாதியில் 'வ' என்றும் இன்னொன்றில் 'இ' என்றும் பல்செட்டுக்காரர் கீறி வைத்தார். அதையும் பார்த்துத்தான் மாட்டினார்.

கல்லின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாய் பார்க்கிறவர்களுக்கு எதிரே இருப்பவருடைய வலதுதான் வலது, தன் இடதுகைப் பக்கம். பிரித்த அன்று வண்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே நோயாளி வாயைத் திறந்திருப்பதாக நினைத்துக் கீறிவிட்டார். மாட்டும்போதோ கார் ஆட்களோடு பேசிப்பேசி, வலது என்றால் டிரைவரின் வலது என்று மனதில் ஏறிப்போயிருந்தது.

"பிரிச்சவன் பல்செட்டுக்காரன், மாட்டினவன் கார்க்காரன். ரெண்டும் நான்தான், மாப்ள" என்றார். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"என் லிஃப்டுக்கு மேல கீழ அவ்வளவுதான் மாமா. இந்த முன்ன பின்ன வம்பே கிடையாது" என்றார் மச்சினன். ஆறுதல் சொல்கிறாராம்.

அச்சை இறக்கித் திருப்பி மாட்ட இரண்டு நாளாவது ஆகும். சாயங்காலம் டிப்போவில் இருக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் காரையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். கடைசியில் பல்செட்டுக்காரர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி போக ஒரு கியர் இருக்குல்ல? அதுலயே போறேன்."

"ரிவர்ஸ்லயா? டிப்போ வரைக்குமா? கியர் செத்துரும் மாமா."

"போற வரைக்கும் போகட்டும்."

போனார். ரிவர்ஸ் கியர் ஒரு நீண்ட ஊளையாக ஊளையிட, கார் ஊர்ந்துபோயிற்று. ஸ்கூட்டரில் தண்ணீர்க் கேன்களோடு மச்சினன் முன்னால் போனார், அவருக்கு ஸ்கூட்டரை அவ்வளவு மெதுவாக ஓட்ட வரவில்லை, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றிப் போனார். சைக்கிள்கள் முந்தின. காய்கறி வண்டி தள்ளுகிறவர் முந்திப்போய், திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா சார்?" என்றார். "ஐயையோ, தொட்டுடாதீங்க!" என்று பல்செட்டுக்காரர் போட்ட கூச்சலில் அந்த மனுஷன் பயந்தேபோனார். நடுவில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, மறுபடி கிளம்பினார்கள். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. அவள் கேட்டைத் தாண்டியிருப்பாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தார். நினைக்க நினைக்க, காரைவிட, அவள் அந்தக் கேட்டுக்கு வெளியே தனியாக நடந்துபோகிற காட்சிதான் பெரிதாகக் கண்ணில் நின்றது.

டிப்போவில் வழியனுப்புப் பேச்செல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஷிப்ட் மாறி, ஆட்கள் மாறி, பஸ்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கேட்டுக்கு உள்ளே, நேரக்காப்பாளர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பூங்கொத்து. பக்கத்தில், அவரோடு பல வருஷம் ஒரே ரூட்டில் ஓடிய டிரைவர் அண்ணன். பொக்கைவாய் ஊளையிட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றபோது, முதலில் எழுந்து ஓடிவந்தவர் அவர்தான்.

"என்ன சார் இவ்வளவு நேரம்? உங்க வீட்டம்மா ரெண்டு தடவை கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. கேட்டா, கால் வலிக்குதாம், கொஞ்சம் உக்காந்துட்டுப் போறாங்களாம்!"

பல்செட்டுக்காரர் காரிலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்கக் கரி. கண்டக்டரம்மா மெதுவாக வந்தார், கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"தானா வந்துச்சா?"

"வந்துச்சு."

"தள்ளலையே?"

"ஒருத்தன் தள்ள வந்தான். விடல."

"அப்புறம் ஏன் ரிவர்ஸ் சத்தம் கேட்டுச்சு?"

பஸ்ஸிலேயே வாழ்ந்த காதிடம் யார் தப்ப முடியும்? பல்செட்டுக்காரர் அத்தனையும் சொன்னார், வலது இடது, வாய், பின்னச்சு எல்லாம். கேட்கக் கேட்கக் கண்டக்டரம்மாவின் உதடு துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, பூங்கொத்தை டிரைவர் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் பல்லு மாட்டுறீங்க, சொந்த வண்டிக்கு மாட்டத் தெரியலையே!"

"செல்லாதா அப்ப?" என்று கேட்டார் பல்செட்டுக்காரர்.

"எந்த கியர்ல வரணும்னு நான் சொல்லலையே. ஆனா பாதிதான் முடிஞ்சிருக்கு. வீட்டுல விடணும்." சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புது ஸ்பிரிங் அவரை ஒருமுறை தூக்கிப்போட்டு ஏந்திக்கொண்டது. அப்போது அந்தக் கறார் அம்மா முகத்தில் மறைக்க முடியாத ஒரு மகிழ்ச்சி வந்ததை, கதவைப் பிடித்தபடியே பல்செட்டுக்காரர் பார்த்தார்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். ஒரு நாற்சந்தியைச் சற்றுத் தாண்டியதும் 'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு அரைபடுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. முன்னால் போக இருந்த ஒரே கியரும் பல் கொட்டிப் போய்ச் சேர்ந்தது.

டிப்போவிலிருந்து காலி பஸ் ஒன்றை வேறு ஷெட்டில் விட இவர்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். "கயிறு இருக்கு சார். கட்டி இழுத்துரலாமா?"

பல்செட்டுக்காரர் ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! மச்சினன் அக்காவைப் பார்த்தார். அக்கா விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அக்கா அந்த வார்த்தையைச் சொல்கிற ஆள் இல்லை. தெருவோரக் கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்தார்கள்.

"ஏங்க" என்றார் கண்டக்டரம்மா. "பின்னாடி போக மூணு கியர் இருக்குன்னு சொன்னீங்கள்ல?"

பல்செட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"சந்தி அகலமாத்தான் இருக்கு. பின்னாடியே ஒடிச்சுத் திருப்பிட்டா, வீட்டுப் பக்கம் பின்பக்கம் வந்துரும். அப்புறம் பின்னாடியே போக வேண்டியதுதானே?"

"என்னால கழுத்தத் திருப்பி அவ்வளவு தூரம் பாத்துக்கிட்டு ஓட்ட முடியாதும்மா."

"உங்களை யாரு பாக்கச் சொன்னா? நீங்க நேராப் பாத்துக்கிட்டு ஓட்டுங்க. பின்னாடி பாக்குறதுக்கு நான் எதுக்கு இருக்கேன்?"

சொன்னவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாத பின்ஜன்னல் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார். டிரைவர் அண்ணன் பஸ்ஸைச் சந்தியில் குறுக்கே நிறுத்தி வண்டிகளை மறித்தார்.

"வரலாம்... வரலாம்... வலது ஒடிங்க. உங்க வலது, வாய் வலது இல்ல! ஒடிச்சு... ஒடிச்சு... நேராக்குங்க. வரலாம் ரைட்!"

பொக்கைவாய் பின்னால் வளைந்து, சந்தியில் ஒரு அரைவட்டம் போட்டு, பின்பக்கத்தை வீட்டுக்குக் காட்டிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது கியரில் போட்டார் பல்செட்டுக்காரர். அதற்கு ஊளை இல்லை, உதறல் இல்லை, எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. மூக்கோடு மூக்காகப் பஸ் பின்தொடர்ந்தது. விளக்குகளை மினுக்கிக்கொண்டு, உயரத்திலிருந்து டிரைவர் அண்ணன் இவரைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தார். கீழ்வரிசையில் ஒன்று காலி என்று பல்செட்டுக்காரருக்கு அந்த நிலைமையிலும் தோன்றியது.

வழியில் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். நின்றார்கள். அவர் காரை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் பார்த்தார். யாரிடம் விசாரிப்பது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஜன்னலில் முகம் தெரிந்த கண்டக்டரம்மாவிடமே கேட்டார்.

"எங்கம்மா போறீங்க?"

"வீட்டுக்கு."

"இப்படியா?"

"இன்னைக்கு ரிட்டயர்டு ஆயிட்டேன் சார். கொண்டுவிட வந்திருக்காரு. இந்த வண்டிக்கு இப்படித்தான் போகத் தெரியும்."

போலீஸ்காரர் டிரைவர் இருக்கையில் கரியோடு உட்கார்ந்திருந்த ஜீவனைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஓரமாக, மெதுவாக, நேராக வீட்டுக்கு மட்டும் போக வேண்டும் என்று எச்சரித்து விட்டார்.

அதன் பிறகு கண்டக்டரம்மாவின் குரல் குறைந்துவிட்டது. சாலை நேராக இருந்தது, சொல்வதற்கு அதிகமில்லை. எப்போதாவது "வரலாம்" என்பார். காற்று தலைமுடியைக் கலைத்தது. பல்செட்டுக்காரருக்குத் தலைக்குமேல் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது, சீருடைத் துணி காற்றில் உப்பியிருந்தது. வண்டி தனக்குச் சொந்தமாவதைப் பற்றி அப்போது அவர் நினைக்கவே இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது நன்றாக இருந்தது.

வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. பொக்கைவாய் பின்பக்கமாக முற்றத்துக்குள் நுழைந்து, துவைக்கிற கல்லைத் தொடாமல் நின்றது. கண்டக்டரம்மா உடனே இறங்கவில்லை. மண்டியிட்டபடியே கொஞ்சநேரம் இருந்தார்.

"என்னம்மா? கால் மரத்துப் போச்சா?"

"இல்ல." திரும்பி உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "இத்தனை வருஷம் ரோட்டுலதான் இருந்தேன். ஒருநாளாவது ரோட்டை நான் பாத்திருக்கேனா? நான் பாத்ததெல்லாம் ஜனங்க முதுகும் நீட்டுற கையும்தான். இன்னைக்குத்தான் எனக்கு முன்னாடி யாருமே இல்லாம ரோடு வந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

பல்செட்டுக்காரர் ரோஜாக் குமிழைத் தடவிக்கொடுத்தார். "அப்ப வண்டி இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். நீங்க ஜெயிச்சாச்சு. சீக்கிரம் அந்த அச்சைச் சரியா மாட்டுங்க, முன்னாடி போற மாதிரி."

"மாட்டிடறேன்."

"மாட்டிட்டு எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

"சரி... அப்ப நானு?"

"நீங்க இங்க உக்காருங்க" என்று பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். "ஸ்பிரிங் சும்மா மெத்துமெத்துன்னு இருக்கு."

மச்சினன் சிரித்த சிரிப்பில் தெருவும் சேர்ந்துகொண்டது. பல்செட்டுக்காரரும் சிரித்தார். உள்ளுக்குள் வயிறு எரியத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அம்மா அப்படிக் கேட்டதில் ஏற்பட்ட சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அச்சு சரியான பக்கம் ஏறியது. கியருக்குப் புதுப்பல் வந்தது. கண்டக்டரம்மா டிப்போ மைதானத்தில் டிரைவர் அண்ணனிடம் பாதியும் புருஷனிடம் பாதியுமாகக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்துவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஊருக்கு வெளியே போகிற நீளச் சாலையில் கிளம்பினார்கள். முதுகை நிமிர்த்தி, ரோஜாக் குமிழை இடறாமல் மாற்றி, அவர் ஓட்டினார். பின்சீட்டில் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரருக்குக் கை துறுதுறுத்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"ஏம்மா, அந்த பஸ் ஸ்டாப்ல நிறுத்து. கொஞ்சதூரம் நான் ஓட்டறேன்."

"அடுத்த ஸ்டாப்ல பாக்கலாம்" என்றார் கண்டக்டரம்மா.

அடுத்த ஸ்டாப் வந்தது. இரண்டு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் பழக்கதோஷத்தில் கையைக்கூடக் காட்டினார். அதற்கடுத்த ஸ்டாப்பும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்று விடாமல் நிறுத்திய அந்த அம்மா ஒன்றிலும் நிறுத்தவில்லை.